கையெழுத்து பெஞ்சு

அன்று காலை மாமாவுக்கு முகச்சவரம் செய்துவிட்டவள் மருமகள்தான். வழக்கமாக அது அவள் கணவனின் ஞாயிற்றுக்கிழமை வேலை. பாதி முகம் முடிவதற்குள் யாராவது ஃபோனில் கூப்பிடுவார்கள். அவன் எழுந்து போய்விட, மாமா ஒரு கன்னம் வழவழப்பாகவும் ஒரு கன்னம் நுரையோடும் உட்கார்ந்திருப்பார். இன்று புதன்கிழமை. எதுவும் அரைகுறையாக இருக்கக் கூடாது என்பதால் அவளே கையில் எடுத்துக்கொண்டாள்.

மாமா மூன்று தலையணைகளில் சாய்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று இரண்டு மாதமாக அப்படித்தான் தூங்குகிறார். பாதங்கள் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து நின்றது. அவள் கன்னத்துத் தோலை இடது கையால் இழுத்துப் பிடித்து, பிளேடை மெதுவாக இறக்கினாள்.

"நான் உயிரோட இருக்கேன்னு நானே சொன்னா செல்லாதா, அம்மாடி?"

"பேசாதீங்க மாமா, வெட்டிடும்."

"செத்துட்டான்னு சொல்றதுக்கு டாக்டர் வேணும், சரி. இருக்கான்னு சொல்ல எதுக்கு டாக்டர்?"

"நீங்க சொன்னா உங்க ஆபீஸ்ல நம்ப மாட்டாங்களாம். உங்க பிள்ளை எழுதிக் குடுத்ததையும் நம்பலை. டாக்டர் கையெழுத்துப் போட்டாத்தான் நீங்க இருக்கீங்க."

மாமா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, கண்ணில் நீர் வரும்வரை போனது. அவள் பிளேடைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அடங்கியதும், துண்டால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, நேற்றிலிருந்து மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சொன்னாள்.

"மாமா, அங்க போய் இதை மட்டும் பண்ணிடாதீங்க. ஒரு மணி நேரம். எப்படியாவது அடக்கிக்கோங்க."

காரணம் இருந்தது. எதிர்வீட்டு அக்கா போன மாதம் தன் அம்மாவை இதே டாக்டரிடம் இதே கையெழுத்துக்காகக் கூட்டிப்போயிருந்தாள். அந்த அம்மாள் டாக்டர் முன்னால் நாலு முறை இருமினாள். இந்த நிலைமையில் நான் எப்படிக் கையெழுத்துப் போடுவது, நாளைக்கு ஏதாவது ஆனால் என்னைக் கேட்பார்கள் என்று சொல்லி, மார்புப் படம், ரத்தம், இன்னும் என்னவோ ஒன்று என்று கீழே இருந்த பரிசோதனைக் கூடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் டாக்டர். எல்லாம் எடுத்து முடிப்பதற்குள் கடைசி தேதி போய்விட்டது. அக்கா இன்னும் அந்த ஃபைலின் பின்னால் அலைந்துகொண்டிருக்கிறாள்.

மாமாவுக்கு இன்றுதான் கடைசி தேதி.

அவர் குடிநீர் வாரியத்தில் வால்வு திறப்பவராக முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவர். ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புச் சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு விடியற்காலையில் கிளம்புவார். தெருமுனைக் குழியின் மூடியை நெம்பித் திறந்து, சாவியை உள்ளே இறக்கி, இரண்டு கையாலும் சுற்றுவார். எத்தனை சுற்றுக்கு எந்தத் தெருவில் எத்தனை குடம் நிரம்பும் என்பது அவருக்கு மனப்பாடம். இடுப்பு உடைந்து கட்டிலில் விழுந்து ஒரு வருடம் ஆகியும், தெருக்காரர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, தண்ணீர் எப்போது வரும் என்று அவரைத்தான் கேட்டார்கள். வாரியம் மட்டும் அவரை மறந்துவிட்டது. முன்பெல்லாம் வருடத்துக்கு ஒரு முறை ஆபீஸுக்கு நடந்துபோய், குமாஸ்தா முன்னால் நின்று, நான் இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட்டு வருவார். போக முடியாமல் போனதும் மகன் ஒரு தாளில் எழுதி அனுப்பினான். அது செல்லாது, டாக்டரின் உயிர்ச் சான்று வேண்டும் என்று பென்ஷனை நிறுத்திவிட்டார்கள். நாலு மாதம் ஆயிற்று. இன்று மூன்று மணிக்குள் படிவம் போய்ச் சேராவிட்டால் ஃபைலை மூடிவிடுவார்கள், நிறுத்தி வைத்ததும் கிடைக்காது. வாடகையும் அதே நாலு மாதம் நின்றிருந்தது. வீட்டுக்காரர் நல்ல மனிதர், அதனால்தான் மாத முடிவுவரை பொறுப்பதாகச் சொன்னார். அதற்கு மேல் சாமான்களை வெளியே எடுத்து வைத்துவிடுவேன் என்பதையும் நல்ல விதமாகவே சொல்லியிருந்தார்.

சவரம் முடிந்தது. அவள் அவர் முகத்தைத் துடைத்து, வெளுத்துக் கிடந்த உதடுகளைப் பார்த்துவிட்டு, பவுடர் டப்பாவைக் கொண்டுவந்தாள்.

"பொண்ணு பாக்க வர்றாங்களா?" என்றார் மாமா.

"டாக்டர் உங்களைப் பாத்ததும், இன்னும் இருபது வருஷம் இருப்பார்னு நினைக்கணும்."

"இருபதா? வீட்டுக்காரன் தாங்க மாட்டான்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அந்த வீட்டில் அவளைச் சிரிக்க வைக்கிற ஒரே ஆள் அவர்தான். கல்யாணமாகி எட்டு வருடம், குழந்தை இல்லை. ஒரு முறை உறவுக்காரி ஒருத்தி கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அதைப் பற்றி இழுத்து இழுத்துப் பேசினாள். மாமா குறுக்கிட்டு, "தண்ணி வரலைன்னா குழாயைத் திட்டாதீங்க. மேல எந்த வால்வு மூடியிருக்குன்னு யாருக்குத் தெரியும்? முப்பது வருஷம் திறந்தவன், எனக்கே தெரியாது" என்றார். மகன் தலை குனிந்து வெளியே போனான். அவள் அடுப்படியில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இரண்டு நாள் சிரித்தாள்.

பத்து மணிக்கு அவள் கணவன் வந்தான். சுவருக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை அவனுக்கு. முழங்கை வரை வெள்ளைப் புள்ளிகள். மேஸ்திரியிடம் கெஞ்சி முன்பணம் வாங்கிக்கொண்டு, கூட வேலை செய்கிறவனையும் அழைத்து வந்திருந்தான். அவனை எல்லோரும் ஏணி என்றுதான் கூப்பிடுவார்கள், அவ்வளவு உயரம். கையெழுத்துக்கு வீட்டுக்கு வருவதென்றால் நாலு பங்கு கட்டணம், ஆளைக் கொண்டுவந்தால் ஒரு பங்குதான் என்று கம்பவுண்டர் சொல்லியிருந்தார். அதனால் மாமாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, சாயாமல் இருக்க ஒரு பழைய புடவையால் நெஞ்சோடு சேர்த்து முதுகுச் சட்டத்தில் கட்டினார்கள். முன்னால் ஏணி, பின்னால் மகன். அவள் பக்கத்தில் குடை பிடித்து நடந்தாள். வெயில் தார் ரோட்டிலிருந்து எழும்பி முகத்தில் அடித்தது. மாமா ஒரு வருடம் கழித்துத் தெருவைப் பார்க்கிறார். முனையில் இருந்த வால்வுக் குழியின் மூடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்து, எவனோ சரியாக மூடவில்லை, வண்டி ஏறினால் உடைந்துவிடும் என்று முணுமுணுத்தார்.

கிளினிக் மாடியில் இருந்தது. குறுகலான இரும்புப் படி, பதினெட்டு. ஏணி உயரம் என்பதால் அவனைக் கீழ்ப் பக்கம் நிறுத்தி, மகன் மேலே நின்று தூக்கினான். நடுவில் ஒரு இடத்தில் நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தபோது மாமா கைப்பிடியை இறுக்கிப் பிடித்தார். கத்தவில்லை. இருமவும் இல்லை. நல்ல பிள்ளை மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தார்.

மேலே இரண்டு பலகைகள் தொங்கின. ஒன்றில் சிகிச்சை நேரம், காலை எட்டு முதல் பதினொன்று, மாலை ஆறு முதல் ஒன்பது. இன்னொன்றில் கையெழுத்து நேரம், பதினொன்று முதல் ஒன்று. அதன் கீழே வரிசையாக எந்தத் தாளுக்கு என்ன கட்டணம் என்று எழுதியிருந்தது. பள்ளி விடுப்புக் கடிதம், வேலைக்குத் திரும்பும் சான்று, ஓட்டுநர் படிவம், புகைப்படத்தில் உள்ளவர் இவர்தான் என்பதற்கு, உயிர்ச் சான்று. ஒரு டோக்கனுக்கு ஒரு கையெழுத்து. கையெழுத்து நேரத்தில் சிகிச்சை கிடையாது. சிகிச்சைக்கு வருகிறவர்களுக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலிகள் போட்டிருந்தார்கள், இப்போது அவை காலியாக இருந்தன. கையெழுத்துக்கு வந்தவர்களுக்குச் சுவரோரமாக ஒரு மரப் பெஞ்சு.

மாமாவை நாற்காலியிலிருந்து அவிழ்த்துப் பெஞ்சில் சுவரோரம் உட்கார வைத்தார்கள். நாற்காலியில் கட்டிவைத்த ஆளைப் பார்த்தால் டாக்டர் என்ன நினைப்பாரோ என்று மகனுக்குப் பயம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தோளோடு தோளாக அவரைத் தாங்கிக்கொண்டாள். ஏணி நாற்காலியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டான்.

கம்பவுண்டர் கட்டணத்தை வாங்கி மேஜைக்குள் போட்டுவிட்டுப் படிவத்தை வாங்கிப் பார்த்தார். ஒல்லியான மனிதர், காதில் ஒரு பேனா, சட்டைப் பையில் ஒரு பேனா. ஒன்பதாவது டோக்கன் கொடுத்தார். கொஞ்சம் முன்னால் விட முடியுமா, வயசானவர் என்று அவள் கேட்டதற்கு, இந்தப் பெஞ்சில் எல்லோருக்கும் ஒரே அவசரம்தான் என்று பதில் வந்தது.

பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் இருந்தான். கண் நன்றாகத் தெரிகிறது என்று கையெழுத்து வாங்க வந்தவன். அவன் பலகையைக் காட்டி, "அந்த ரேட்டு எல்லாத்தையும் இங்க இருந்தே படிச்சுட்டேன் சார். கண்ணு நல்லாத்தான் இருக்கு. இதுக்கு மேல என்ன டெஸ்ட்டு?" என்றான்.

"படிச்சது சரி. குடுக்கறதுக்குப் பைசா இருக்கான்னுதான் டெஸ்ட்டு" என்றார் கம்பவுண்டர், தலையைத் தூக்காமலே.

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. மகனுக்கு விடுப்புக் கடிதம் வாங்க வந்த ஒரு பெண்மணி, பையனுக்குக் காய்ச்சல் வந்து போய்ப் பத்து நாளாயிற்று, காய்ச்சலைப் பார்த்ததற்கு வாங்கியதைவிடக் காய்ச்சல் இருந்தது என்று எழுத அதிகம் வாங்குகிறார்கள் என்றாள். கம்பவுண்டர் அதற்குக் கோபப்படவில்லை. காய்ச்சல் தானாகவே போய்விடும், தாள் நிற்கும், நாளைக்கு யாராவது கேட்டால் டாக்டர்தானே பதில் சொல்ல வேண்டும் என்று விளக்கினார். பல தடவை சொல்லிச் சொல்லித் தேய்ந்த விளக்கம்.

மாமா சிரிக்கவில்லை. அவள் அப்போதுதான் கவனித்தாள். அவருடைய கை அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. பிடி இறுகியது, தளர்ந்தது, மறுபடியும் இறுகியது. நெஞ்சுக்குள் ஏதோ முட்டி முட்டித் திரும்பிப் போவது அவள் தோளுக்குத் தெரிந்தது. பவுடரில் வேர்வை வழிந்து கோடு கோடாக இறங்கியிருந்தது.

"என்ன மாமா?"

அவர் தலையை ஆட்டினார். ஒன்றுமில்லை என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள். வாயைத் திறந்தால் இருமல் வந்துவிடும் என்பதால் பேச மாட்டேன் என்கிறார். முப்பத்தோரு வருடம் சொன்ன நேரத்துக்குத் திறந்து சொன்ன நேரத்துக்கு மூடியவர். ஒரு வேலையைச் சொன்னால் சரியாகச் செய்வார்.

ஆறாவது டோக்கன் உள்ளே போனது. மாமாவின் உதடு பவுடருக்கு நடுவில் நீலமாகத் தெரிந்தது. அவள் அவரைச் சுவரில் சாய்த்துவிட்டு, எழுந்து மேஜையிடம் போனாள். கணவன் அங்கேதான் நின்றிருந்தான்.

"மூச்சு விட ரொம்பக் கஷ்டப்படறார். டாக்டரைக் கொஞ்சம் பாக்கச் சொல்றீங்களா?"

கம்பவுண்டர் நிமிர்ந்தார். முதல் முறையாக அவளை நன்றாகப் பார்த்தார். அந்தப் பார்வையில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

"எதுக்குப் பாக்கச் சொல்லணும்மா? கையெழுத்துக்கா, உடம்புக்கா?"

அவள் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தாள்.

"உடம்புக்குன்னா சொல்லுங்க, உள்ள போய்ச் சொல்றேன். ஆனா உடம்பு சரியில்லைன்னு அவர் காதுல போட்டுட்டா இன்னைக்கு இந்தப் படிவத்துல கையெழுத்து வராது. டெஸ்ட்டு எழுதுவார். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லிட்டேன். எதுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான். தரையில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபது. மூன்று மணிக்குள் ஆபீஸ், இரண்டு பஸ் மாற வேண்டும். உள்ளே யாரோ சிரிக்கும் சத்தம், அதைத் தொடர்ந்து முத்திரை விழும் சத்தம்.

"கையெழுத்துக்குத்தான்" என்றாள் அவள்.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது மாமா அவளைப் பார்த்தார். கேட்டிருக்குமா, தெரியவில்லை. அவர் காது கூர்மையான காது, மண்ணுக்குள் தண்ணீர் ஓடுவதைக் கேட்ட காது. "இன்னும் ரெண்டே பேர் மாமா. பொறுத்துக்கோங்க" என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். மறுபடி அவள் மணிக்கட்டைப் பிடித்த கை ஒரு முறை மிகவும் இறுகியது. அவளுக்கு வலித்தது. பிறகு வலிக்கவில்லை. தூங்கட்டும் என்று அவள் அசையாமல் இருந்தாள்.

டிரைவர் தன் தாளை ஊதிக் காயவைத்துக்கொண்டே படியிறங்கினான். விடுப்புக் கடிதம் வாங்கிய பெண்மணியும் போய்விட்டாள். ஒன்பதாவது டோக்கனுக்கு டாக்டர் எழுந்து வரவில்லை. அறைக் கதவைக் கம்பவுண்டர் விரியத் திறந்தார். உள்ளே மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தபடியே டாக்டர் பெஞ்சைப் பார்த்தார். நடுவில் பதினைந்து அடி இருக்கும்.

"பெரியவரே, வயசு என்ன?"

"எழுபத்தி மூணு டாக்டர்" என்றாள் அவள். "அவருக்குக் காது கேக்காது."

"நேர்ல பாத்தேன்னு எழுதணும். கையைத் தூக்கச் சொல்லுங்க."

அவள் மாமாவின் கையைப் பிடித்துத் தூக்கினாள். கை வந்தது. தானாக வரவில்லை, கனமாக, அவள் தூக்கிய அளவுக்கு மட்டும் வந்தது. டாக்டர் பார்த்தார். குனிந்தார். முத்திரை விழுந்தது. அவள் கையை மெதுவாக அவர் மடியில் வைத்தாள். வைத்த இடத்தில் அப்படியே கிடந்தது. அவளுக்கு அப்போதே தெரியுமா என்று பின்னால் யாரும் கேட்கவில்லை.

கணவன் படிவத்தை வாங்கி, கையெழுத்தையும் தேதியையும் இரண்டு முறை பார்த்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்தான். முகத்தில் நாலு மாதத்துக்குப் பிறகு ஒரு வெளிச்சம். "அப்பா, முடிஞ்சுதுப்பா. எழுந்திருங்க, போலாம்" என்று குனிந்தான்.

பிறகு கம்பவுண்டர்தான் டாக்டரிடம் ஓடினார். டாக்டர் வந்தார். இரண்டடி தள்ளி நின்று, மாமாவின் முகத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் பார்த்தார். தொடவில்லை. கணவனையும் அவளையும் உள்ளே வரச் சொன்னார். வெளியே கம்பவுண்டர் படிப் பக்கத்து ஷட்டரைப் பாதி இழுத்துவிட்டார்.

டாக்டர் கெட்டவராகப் பேசவில்லை. முதலில் இரண்டு பேருக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். இந்த விதியை நான் போடவில்லை என்றார். உங்கள் ஆபீஸ் உங்களை நம்பவில்லை, என்னை நம்புகிறது, நான் தப்பாக எழுதினால் என் பதிவு போய்விடும், அந்தப் பொறுப்புக்குத்தான் கட்டணம் வாங்குகிறேன் என்றார். குரலைத் தாழ்த்தினார்.

"பன்னிரண்டே முக்காலுக்கு இவர் உயிரோட இருக்கார்னு எழுதியிருக்கேன். ஒரு மணிக்கு இல்லைன்னு இங்கயே எப்படி எழுதறது? உங்க படிவமும் போயிடும், நானும் போயிடுவேன். வீட்டுக்குக் கொண்டு போங்க. அஞ்சு மணிக்கு மேல நான் வந்து பாத்து எழுதித் தர்றேன். அதுவரைக்கும் யாருக்கும் சொல்ல வேண்டாம், சத்தம் வேண்டாம்." பேனாவை மூடிக்கொண்டே, "வீட்டுக்கு வந்து எழுதறது தனி. ஆனா பரவாயில்ல, ஒரு பங்கே குடுங்க" என்றார்.

கணவன் அழுவான் என்று அவள் எதிர்பார்த்தாள். அவன் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். "சரிங்க டாக்டர்" என்றான்.

ஏணியைக் கூப்பிட்டு நாற்காலியை மேலே கொண்டுவரச் சொன்னார்கள். வரும்போது கட்டிய மாதிரியே புடவையால் கட்டினார்கள். இறங்கும்போது தலை முன்னால் தொங்கியது. அவள் ஒரு துண்டை நெற்றியைச் சுற்றிக் கொண்டுபோய் நாற்காலியின் சட்டத்தோடு முடிந்தாள், வெயிலுக்குக் கட்டியது போல. ஏணிக்குக் கண்ணில் பொலபொலவென்று நீர் கொட்டியது. "வேர்வையைத் தொடைக்கற மாதிரி தொடைச்சுக்கடா" என்றான் கணவன். ஏணி தோளில் முகத்தை அழுத்தித் தேய்த்துக்கொண்டான்.

தெரு நிறைய ஆட்கள். இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிறுத்திவிட்டு, "ராஜா ஊர்வலம் முடிஞ்சுதா?" என்றார். கணவன் முடிந்தது என்றான். மளிகைக் கடைக்காரர் கல்லாவிலிருந்தே குரல் கொடுத்தார். "என்ன பெரியவரே, கையெழுத்து கிடைச்சுதா?"

"கிடைச்சுது" என்றான் மகன்.

"அப்ப இன்னும் ஒரு வருஷத்துக்குக் கவலையில்ல."

அவள் குடையைத் தாழ்த்திப் பிடித்தாள். நிழல் மாமாவின் முகத்தில் மட்டும் விழுந்தது. நடந்துகொண்டே அவரிடம் பேசினாள். பேசாமல் வந்தால் பார்க்கிறவர்களுக்குச் சந்தேகம் வரும் என்று கணவன்தான் காதோடு சொன்னான். வெயில் அதிகமா மாமா என்றாள். இதோ வந்துட்டோம் மாமா என்றாள். வீடு வருவதற்குள் சொல்வதற்கு வேறு எதுவும் இல்லாமல் போய், அதே இரண்டையும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கட்டிலில் சுவர் பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்து, மார்பு வரை போர்த்தி, மின்விசிறியைப் போட்டார்கள். மூன்று தலையணை இன்று தேவைப்படவில்லை. கணவன் முகம் கழுவிக்கொண்டு, சட்டை மாற்றி, படிவத்தைப் பழைய சட்டையிலிருந்து புதிய சட்டைக்கு மாற்றிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். ஏணி வாசலில் நிற்க முடியாமல் அவன் பின்னாலேயே போய்விட்டான்.

அவள் கதவைச் சாத்தவில்லை. பகலில் அந்தத் தெருவில் யாரும் கதவைச் சாத்துவதில்லை, சாத்தினால் என்ன என்று கேட்பார்கள். செருப்புக் கம்பெனிக்கு அட்டைப் பெட்டி ஒட்டிக் கொடுப்பது அவள் வேலை. காலையில் காய்ச்சிய பசை மேலே ஏடு கட்டியிருந்தது. ஏட்டை விரலால் வழித்துப் போட்டாள். அட்டையை எடுத்து, கோட்டின்மேல் மடித்து, மூலையில் பசை தடவி, கட்டை விரலால் அழுத்தி, பத்து எண்ணும்வரை பிடித்தாள். ஒன்றை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். கை நின்றால் அழுகை கிளம்பிவிடும் என்று பயமாக இருந்தது. பெட்டிகள் அவளைச் சுற்றி ஏறிக்கொண்டே போயின.

மூன்றரை மணிக்கு எதிர்வீட்டு அக்கா வந்தாள். பூட்டியிருக்கவில்லையே, வரலாம்தானே. கையெழுத்து ஆயிற்றா என்று கேட்டாள். ஆயிற்று என்றதும், உன் மாமனார் கெட்டிக்காரர், எங்கள் அம்மாதான் இருமிக் கெடுத்துக்கொண்டாள் என்றாள். பேசிக்கொண்டே போய்க் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். அவளுடைய வழக்கமான இடம் அது.

"பெரியவரே, நாளைக்கு எங்க பக்கம் தண்ணி விடுவாங்களா?"

"தூங்கறார்க்கா. அலைச்சல்" என்றாள் அவள். குரல் சாதாரணமாக வந்தது. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது.

அக்கா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். மகனின் பள்ளிக்கூடம், கடையில் வாங்கிய அரிசியில் கல், எல்லாம் பேசினாள். எழும்போது போர்வைக்கு வெளியே இருந்த பாதத்தின்மேல் கை பட்டது.

"ஏம்மா, கால் சில்லுனு இருக்கு பாரு. ஃபேனைக் குறைச்சு வை. வயசானவங்களுக்கு ஆகாது."

போர்வையை இழுத்து, இரண்டு பாதங்களையும் நன்றாகச் சுற்றி, அடியில் செருகிவிட்டு, சத்தம் வராமல் அடி எடுத்து வைத்து அக்கா வெளியே போனாள். மருமகள் கையிலிருந்த அட்டையைப் பிடித்தபடியே இருந்தாள். எண்ணிக்கை பத்தைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது.

நாலரைக்குக் கணவன் திரும்பினான். படிவத்தை வாங்கிக்கொண்டார்கள். குமாஸ்தா பழைய ஆள், அப்பாவைத் தெரிந்தவர். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருக்கிறார். நன்றாக இருக்கிறார் என்று இவன் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. சுவரில் தலையை முட்டிக்கொள்ளப் போனான். அவள் எழுந்து அவன் வாயை உள்ளங்கையால் மூடினாள். கையில் பசை இருந்தது. "அஞ்சு மணி ஆகட்டும்" என்றாள்.

டாக்டர் ஐந்தே காலுக்கு வந்தார். சொன்ன சொல் தவறாத மனிதர். வேறு சட்டை, கையில் தோல் பை. பெட்டிகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்து, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டு, போர்வையை விலக்கி, மாமாவின் நெஞ்சில் வைத்தார். இடம் மாற்றி மாற்றி, நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இமையைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தார். அவள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் இதில் பாதி கவனம் போதுமாக இருந்திருக்கும்.

பிறகு மடியில் பையை வைத்து, அதன்மேல் படிவத்தை விரித்துக்கொண்டு, பேனா மூடியைக் கழற்றினார். வயசு அவருக்கே தெரிந்திருந்தது, எழுதிக்கொண்டார். காரணம் என்ற இடத்தில் முதுமை என்று எழுதினார். நேரம் என்ற இடத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஐந்து மணி என்று எழுதினார். கடைசியாக எப்போது பேசினார் என்று கேட்டார். கணவன், நாலு மணிக்கு டீ வேண்டாம் என்றார் என்று சொன்னான். யோசித்து வைத்திருந்ததைப் போலச் சட்டென்று சொன்னான்.

"உயிர் பிரியும்போது கூட யார் இருந்தா?"

கணவன் அவளைக் காட்டிக் கையை நீட்டினான். "இவதான் டாக்டர். இவதான் பக்கத்துலயே இருந்தா."

டாக்டர் அவளைப் பார்த்தார். பேனா தாளின்மேல் நின்றது.

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டாள்.

"யாரும் இல்ல டாக்டர்" என்றாள்.

கணவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. "பொய் இல்ல. எழுதிக்கோங்க. அவர்கூட யாரும் இல்ல."

யாருமில்லை என்று டாக்டர் எழுதினார். அதன் கீழே கையெழுத்துப் போட்டு, பையிலிருந்து முத்திரையை எடுத்து, அச்சு தெளிவாக விழ வேண்டும் என்பதற்காக உள்ளங்கையால் நன்றாக அழுத்தினார்.